6416808 4: கடனை அடைக்கப் போய் ஈட்டைத் தொலைத்த கதை

அமெரிக்காவின் டெலவேர் மாநிலச் செயலர் அலுவலகத்தின் பதிவேட்டில் 6416808 4 என்று ஓர் எண். ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) வாங்கிய சுமார் 150 கோடி டாலர் கடனுக்கு அந்தக் கம்பெனியின் 42 ஆலைகளில் இருந்த இயந்திரங்களும் பொருத்துகளும் (நிலத்தோடு சேர்த்துப் பொருத்திய சாதனங்கள்) ஈடாக நிற்கின்றன என்று ஊருக்குச் சொல்லும் பதிவு அது. 2008 அக்டோபர் கடைசியில் அந்தப் பதிவை ரத்து செய்யும் படிவம் அதே அலுவலகத்தில் தாக்கலானது. ஆனால் அந்தக் கடன் அடைபடவில்லை. அடைபட்டது வேறொரு கடன்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ரத்துப் படிவத்தைத் தயாரித்தது ஜி.எம். தரப்பு வழக்கறிஞர்களான மேயர் பிரவுன். எதிர்த்தரப்பில் அதைப் பார்த்து ஒப்புதல் சொன்னது சிம்சன் தாச்சர். அவர்களுடைய கட்சிக்காரர் ஜேபி மார்கன் சேஸ் வங்கி. இவர்களில் எவரும் தொழிலுக்குப் புதியவர் இல்லை. மூன்று இடத்திலும் அந்த எண்ணின் மேல் கண் பட்டது, ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கம்பெனி வாங்கல் விற்றல், கடன் ஒப்பந்தம், பங்கு வெளியீடு என்று டீல் வேலை செய்யும் சட்ட நிறுவனங்களில் அறிவு மேலாண்மை, அதாவது நிறுவனத்துக்குள் இருக்கும் அறிவைச் சேமித்துத் தேவைப்படுபவருக்குக் கொண்டுசேர்ப்பது, என்ற பேச்சு எழுந்தால் அது நேராக மாதிரி ஒப்பந்தங்களுக்கும், ஷரத்துத் தொகுப்புக்கும், நல்ல தேடுபொறிக்கும் போய்விடும். அதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பேச்சு தொடங்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்தான் ஞாபகம் வரும். மாதிரி எதிலும் குறையில்லை, படிவம் சரி, மொழி சரி, தேடலும் கேட்டதைக் கொண்டுவந்தது. அப்படியும் இப்படி நடந்தது.

ஒரே பெயர், இரண்டு கடன்

நம் ஊரில் நிலம் வாங்குமுன் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம் அல்லவா, அமெரிக்காவில் அசையும் சொத்துக்கு அதே வேலையைச் செய்வது யூ.சி.சி. (யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட் என்ற வணிகச் சட்டம்) பதிவு. ஈடு வாங்கிக்கொண்டு கடன் கொடுப்பவர் யூ.சி.சி-1 என்ற சிறிய படிவத்தைத் தாக்கல் செய்கிறார். யார் கடன் வாங்கியவர், யார் கொடுத்தவர், எந்தெந்தச் சொத்து என்ற மூன்று விஷயம் அதில் இருந்தால் போதும். கடன் ஒப்பந்தத்தை இணைக்க வேண்டியதில்லை, தொகையைச் சொல்லவும் வேண்டியதில்லை. கடன் தீர்ந்ததும் யூ.சி.சி-3 என்ற இன்னொரு படிவத்தில் பழைய பதிவின் எண்ணைக் குறிப்பிட்டால் அது முடிவுக்கு வரும்.

ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் வில்லங்கச் சான்றிதழ் சொத்தை வைத்துத் தேடுவது: சர்வே எண், கிராமம், சார்பதிவாளர் அலுவலகம். யூ.சி.சி. பதிவேடு கடன் வாங்கியவர் பெயரை வைத்து அடுக்கப்பட்டது. ஜி.எம். டெலவேரில் பதிவான கம்பெனி என்பதால் டெலவேரில் ஜி.எம். என்று தேட வேண்டும். எந்த டீலுக்காக எந்தப் பதிவு என்று பதிவேடு சொல்லாது. சொல்ல வேண்டும் என்று சட்டமும் கேட்கவில்லை.

சரி, அந்த இரண்டு கடன்கள். முதலாவது 2001 அக்டோபரில் ஏற்பட்ட சிந்தெடிக் லீஸ். பேரில் குத்தகை, உள்ளே கடன். சில நிலம், கட்டடங்களை ஈடாக வைத்துச் சுமார் 30 கோடி டாலர். கடன் கொடுத்தவர்கள் பலர். அவர்கள் எல்லார் சார்பிலும் நிர்வாக முகவராக நின்றது ஜேபி மார்கன். இரண்டாவது 2006 நவம்பர் 29 தேதியிட்ட டேர்ம் லோன் (குறித்த தவணைக்கான கடன்), முன்பு சொன்ன 150 கோடி. இதற்கும் பல கடன் கொடுத்தவர்கள், இதற்கும் அதே ஜேபி மார்கன்தான் முகவர். இந்த இரண்டாவது கடனுக்காக நாடு முழுக்க 28 யூ.சி.சி-1 தாக்கல் செய்தார்கள். பெரும்பாலானவை அந்தந்த ஆலை இருக்கும் கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை). அவற்றிலெல்லாம் முக்கியமானது டெலவேரில் போட்டது, அதாவது நம் 6416808 4.

கடன் வாங்கியவர் பெயர் ஒன்றே, முகவர் பெயரும் ஒன்றே. இரண்டு கடனுக்கும் வேறெந்தச் சம்பந்தமும் கிடையாது.

அக்டோபர் 2008

லேமன் பிரதர்ஸ் விழுந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கடன் சந்தை உறைந்து கிடந்தது, ஜி.எம். ரத்தம் கக்கிக்கொண்டிருந்தது. சிந்தெடிக் லீஸ் அந்த மாதம் முடிய வேண்டும். பணத்தைக் கட்டிவிடுகிறோம், ஈட்டை விடுவிக்கும் காகிதங்களைத் தயார் செய்யுங்கள் என்று ஜி.எம். மேயர் பிரவுனிடம் சொன்னது. பார்ட்னர் வேலையை ஓர் அசோசியேட்டிடம் (இளைய வழக்கறிஞர்) கொடுத்து, செக்லிஸ்டையும் வரைவுகளையும் தயாரிக்கச் சொன்னார். அசோசியேட், டெலவேரில் ஜி.எம். மேல் பதிவாகியிருக்கும் யூ.சி.சி-1களைத் தேடித் தரச் சொல்லி ஒரு பாராலீகலிடம் (வழக்கறிஞர் அல்லாத சட்ட உதவியாளர்) கேட்டார். அந்தப் பாராலீகலுக்கு இந்த டீலைப் பற்றியும் தெரியாது, எதற்காகத் தேடச் சொல்கிறார்கள் என்பதும் தெரியாது. இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை, பின்னால் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

தேடலில் மூன்று எண்கள் வந்தன: 2092532 5, 2092526 7, 6416808 4. முதல் இரண்டும் 2002 ஏப்ரலில் பதிவானவை, லீஸுக்கு உரியவை. மூன்றாவது டேர்ம் லோனுக்கு உரியது. மூன்றும் செக்லிஸ்டில் ஏறின. செக்லிஸ்டிலிருந்து மூன்று யூ.சி.சி-3 வரைவுகள் பிறந்தன. அப்புறம் எஸ்க்ரோ ஒப்பந்தம் (நிபந்தனை நிறைவேறும்வரை மூன்றாமவர் வைத்திருக்கும் ஏற்பாடு) என்ற இன்னொரு காகிதத்திலும் மூன்று எண்களும் வரிசையாக ஏறின.

காகிதங்கள் எதிர்த்தரப்புக்குப் போயின. சிம்சன் தாச்சரிலிருந்து வந்த பதில் இப்போது அமெரிக்க வழக்கறிஞர் வட்டாரத்தில் கொஞ்சம் பிரபலம். ஆவணங்களை நன்றாகச் செய்திருக்கிறீர்கள், நான் எதையும் கவனிக்காமல் விட்டிருந்தாலொழிய ஒரே ஒரு குறிப்புதான் என்று தொடங்கி, ஜேபி மார்கனை முதலீட்டாளர்களுக்கான நிர்வாக முகவர் என்று எழுதியிருக்கும் இடங்களில் ‘முதலீட்டாளர்களுக்கான’ என்பதை எடுத்துவிடச் சொல்கிறது அந்த மின்னஞ்சல். எஸ்க்ரோ ஒப்பந்தம் வந்தபோதும் அதே வழக்கறிஞர் பார்த்துச் சரி என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

அக்டோபர் 30 அன்று ஜி.எம். பணத்தைக் கட்டியது, ரத்துப் படிவங்கள் தாக்கலுக்குப் போயின. இப்படியாக, கட்டாத கடனின் ஈடும் ரத்தாகிவிட்டது.

ஏழு மாதம் யாருக்கும் தெரியாது. 2009 ஜூன் 1 அன்று ஜி.எம். திவால் மனு போட்டது. அதன்பிறகு வங்கியே முன்வந்து, ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவர்களின் குழுவிடம், டேர்ம் லோனுக்கான ஒரு பதிவு தவறுதலாக ரத்தாகியிருக்கிறது, ஆனால் நாங்கள் நினைத்தது லீஸை விடுவிக்க மட்டும்தான், ஆகவே அந்த ரத்துக்கு அதிகாரம் இல்லை, செல்லாது என்று சொன்னது. குழு சும்மா இருக்குமா? ஜூலை 31 அன்று வழக்குப் போட்டது. திவால் சட்டத்தில் பதிவில்லாத ஈடு மற்றவர்கள் முன் நிற்காது. ஈடு போனால் டேர்ம் லோன் கொடுத்தவர்களும் வரிசையின் கடைசியில் நிற்கும் ஆட்களோடு சேர வேண்டியதுதான்.

நினைத்ததும் செய்ததும்

வழக்கின் சட்டக் கேள்வி எளிமையானது. தாக்கலுக்கு ஒப்புதல் தந்தார்கள், ஆனால் அதன் விளைவை விரும்பவில்லை. அப்படியானால் ரத்து செல்லுமா? 2013 மார்ச்சில் திவால் நீதிமன்றம் வங்கியின் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் இரண்டாவது சுற்று நீதிமன்றம் (செகண்ட் சர்க்யூட் என்ற மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம்), இது டெலவேர் சட்டம் பற்றிய கேள்வி என்று சொல்லி, டெலவேர் உச்ச நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டது. 2014 அக்டோபரில் பதில் வந்தது: ஆவணத்தைப் பார்த்துத் தெரிந்தே தாக்கலுக்கு ஒப்புதல் தந்தால் போதும், அதனால் என்ன ஆகும் என்பதை உணர்ந்து விரும்பியிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. தன் காகிதத்தைத் தானே கவனமாகப் பார்க்கும் பொறுப்பு தாக்கல் செய்பவருடையது. இல்லாவிட்டால் பதிவேட்டைப் பார்ப்பவர் எவரும் ஒவ்வொரு ரத்துக்கும் பின்னால் இருந்த மனதையும் தேட வேண்டியிருக்கும்.

அதை வைத்து 2015 ஜனவரி 21 அன்று இரண்டாவது சுற்று நீதிமன்றம் தீர்ப்பைத் தலைகீழாக்கியது. ஜேபி மார்கன் எதை அடைய நினைத்தது என்பது ஒரு கேள்வி, தன் சார்பில் எதைச் செய்ய அனுமதித்தது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கான பதில் செக்லிஸ்டிலும் வரைவிலும் எஸ்க்ரோ ஒப்பந்தத்திலும் எண் போட்டு எழுதியிருந்தது.

சட்டம் படிப்பவர்கள் இந்தத் தீர்ப்பை அதிகாரம் என்ற தலைப்பில் படிக்கிறார்கள். எனக்கு அது அறிவு மேலாண்மை பற்றிய தீர்ப்பாகத்தான் தெரிகிறது. நிறுவனத்தில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது, மற்றவருக்குத் தெரியாது என்பதெல்லாம் சட்டத்தின் முன் எடுபடாது. கையெழுத்துப் போட்ட காகிதத்தில் உள்ளதெல்லாம் உனக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும்.

தெரிந்தவர்கள் எங்கே இருந்தார்கள்

இந்தக் கதையில் தகவல் எங்கும் தொலைந்துபோகவில்லை என்பதுதான் விசேஷம். 6416808 4 எதற்கு உரியது என்று டேர்ம் லோனில் வேலை செய்தவர்களைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். இரண்டு கடனுக்கும் முகவராக இருந்த வங்கியின் கோப்புகளில் அது இருந்தது. ஏன், அந்தக் காகிதங்களிலேயே இருந்தது! முதல் இரண்டு பதிவுகளும் இண்டியானா மாநிலம் மேரியன் கவுண்டியில் உள்ள நிலமும் அதைச் சார்ந்த ஈடும் பற்றியவை என்றும், மூன்றாவது சில அமெரிக்க உற்பத்தி ஆலைகளில் உள்ள இயந்திரங்களையும் பொருத்துகளையும் பற்றியது, பதிவுத் தேதி 2006 நவம்பர் 30 என்றும் விவரித்திருந்தார்கள். 2001இல் போட்ட லீஸுக்கு 2006இல் எதற்குப் புதிய பதிவு? நிலத்தையும் கட்டடத்தையும் ஈடாக வைத்த டீலில் நாடெங்கும் உள்ள ஆலை இயந்திரங்கள் எங்கிருந்து வந்தன? கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

ஏன் யாரும் கேட்கவில்லை என்பதற்கு, அலட்சியம் என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் உண்டு. அலட்சியம்தான், ஆனால் அதற்கு ஓர் அமைப்பு இருந்தது.

தேடச் சொன்ன விதத்தைப் பாருங்கள். அசோசியேட் கேட்டது, ஜி.எம். மேல் என்ன இருக்கிறது என்று. அவருக்குத் தேவைப்பட்டது, இந்த லீஸுக்காக என்ன போட்டோம் என்று. முதல் கேள்விக்குப் பதிவேடு பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்குப் பதில் 2001, 2002 ஆண்டுகளின் டீல் கோப்பில்தான் இருக்க முடியும். பதிவேடு கடன் வாங்கியவர் பெயரில் அடுக்கப்பட்டது, சட்ட வேலையோ டீல் டீலாக நடப்பது. இந்த இரண்டு அடுக்குமுறையும் ஒன்றோடொன்று பொருந்தாது, பொருத்துவதற்கு ஒரு ஆள் வேண்டும். பொருத்தும் அறிவு இருந்தவரிடம் வேலை போகவில்லை. வேலை போனவரிடம் அந்த அறிவைக் கொடுத்தனுப்பவும் இல்லை. எதற்காகத் தேடுகிறோம் என்று இரண்டு வரி சொல்லியிருந்தால் அந்தப் பாராலீகலே 2006 என்ற தேதியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தியிருக்கலாம். பாராலீகல்கள் பல சமயம் வழக்கறிஞர்களைவிடத் தேதிகளைக் கூர்மையாகப் பார்ப்பவர்கள்.

அடுத்தது செக்லிஸ்ட். செக்லிஸ்ட் தவறைத் தடுக்கும் என்று எல்லோரும் நம்புகிறோம். அதில் ஏறிய விஷயம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஏறக்கூடாத ஒன்று ஏறிவிட்டால் அதையும் அதே அக்கறையோடு நிறைவேற்றி முடிக்கும். இங்கே நடந்தது அதுதான். பட்டியலில் ஏறிய நொடியில் அந்த மூன்றாவது எண் தேடல் முடிவு என்ற நிலையிலிருந்து செய்ய வேண்டிய வேலை என்ற நிலைக்கு உயர்ந்துவிட்டது. அதன்பின் அதைச் சந்தேகிக்க யாருக்கும் காரணம் இல்லை. மூன்று காகிதங்களிலும் ஒரே எண் இருப்பதைப் பார்ப்பவருக்கு மூன்று சாட்சி இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் ஒரே வாய் மூன்று முறை பேசுகிறது.

மூன்றாவதாக, சரிபார்த்தவர் எதைச் சரிபார்த்தார் என்பது. அந்த மின்னஞ்சலை எழுதியவர் காகிதத்தைப் படிக்கவில்லை என்று சொல்லவே முடியாது. முகவரின் பெயருக்குப் பின்னால் தேவையில்லாத ஒரு சொல் தொங்குவதைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்த அளவுக்கு உன்னிப்பாகப் படித்திருக்கிறார், ஆனால் சொற்களை. எண்களையும் அட்டவணைகளையும் சரிபார்க்க வேறு ஆள் இருக்கிறார் என்ற நினைப்பு டீல் வழக்கறிஞர்களிடம் ஆழமாக ஊறியது. ஒப்பந்தத்தின் உடல் பெரியவர்களுடையது, பின்னிணைப்பு சின்னவர்களுடையது. அறிவு மேலாண்மைக்குப் பணம் செலவாவதும் அதே போக்கில்தான். லண்டனில் 1990இல் இரண்டு முன்னாள் ஸ்லாட்டர் அண்ட் மே வழக்கறிஞர்கள் தொடங்கிய பிராக்டிகல் லா, பிற்பாடு 2013இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் கைக்குப் போனது, மாதிரி ஆவணங்களையும் நடைமுறைக் குறிப்புகளையும் ஒரு தொழிலாகவே ஆக்கிக் காட்டியது. பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே தனி வழக்கறிஞர்களை வைத்திருக்கின்றன, கட்சிக்காரர் வேலை செய்யாமல் மாதிரிகளைப் புதுப்பிப்பதும் பயிற்சி தருவதுமே அவர்கள் பணி. அந்த உழைப்பால் ஒப்பந்தத்தின் உடல் முப்பது வருடத்தில் எவ்வளவோ தேறியிருக்கிறது. பின்னிணைப்பு இன்னும் அநாதைதான்.

இன்னொன்றும் உண்டு. கடன் கொடுக்கும்போது பத்துப் பேர் உட்கார்ந்து பேசுவார்கள். கடன் அடையும்போது ஒரு அசோசியேட், ஒரு பாராலீகல். புதுவீட்டில் பால் காய்ச்ச ஊரே வரும். வீட்டைக் காலி செய்யும்போது சாவியை வாங்கிக்கொள்ளக்கூட ஆள் இருக்காது. கடனை முடித்து ஈட்டை விடுவிப்பது கட்டணம் குறைந்த, பேச்சுவார்த்தை இல்லாத, எல்லாருக்கும் அலுப்பான வேலை. பேச்சுவார்த்தை இல்லாததால் எதிர்ப்பும் இல்லை. ஒரு ஷரத்தை நமக்குச் சாதகமாக எழுதினால் எதிர்த்தரப்பு கத்தும். மூன்று ரத்துப் படிவங்களை வைத்தால், பணம் வருகிறதே என்று வாங்கிக்கொள்ளும். பொதுவாக டீலில் பாதித் தவறுகளைப் பிடிப்பது எதிராளியின் சுயநலம். இங்கே அது தூங்கிவிட்டது.

எதைச் சேமித்திருக்க வேண்டும்

இதற்கு மாற்று என்ன என்று யோசித்தால் விடை ஏமாற்றம் தரும் அளவுக்குச் சின்னது. மென்பொருள்கூட வேண்டாம்.

டீல் முடிந்ததும் எல்லாக் கையெழுத்துப் பிரதிகளையும் தொகுத்து வைக்கும் வழக்கம் உண்டு. அந்தக் காலத்தில் தோல் அட்டை போட்டுக் கட்டுவார்கள், டீல் பைபிள் என்பார்கள். இப்போது ஒரு பி.டி.எஃப். கட்டு. பெரும்பாலும் அதில் ஒப்பந்தங்கள் இருக்கும், சான்றிதழ்கள் இருக்கும். கையெழுத்தான பிறகு நடக்கும் பதிவுகள் அதில் சேராமல் போவது சகஜம். 2001இல் கையெழுத்தான லீஸின் பதிவுகள் 2002 ஏப்ரலில்தான் நடந்தன என்பதைக் கவனியுங்கள். மாதக்கணக்கு இடைவெளி. அதற்குள் வேலை செய்தவர்கள் அடுத்த டீலுக்குப் போயிருப்பார்கள்.

அந்தத் தொகுப்பின் முன்பக்கத்தில் ஒரே ஒரு பக்கம் இருந்தால் போதும். இந்த டீலுக்காகச் செய்த பதிவுகள் இவை, இன்ன இடத்தில், இன்ன தேதியில், இன்ன எண்ணில், இன்ன ஷரத்தின்படி. டீல் முடியும்போது இவற்றை விடுவிக்க வேண்டும். இந்தப் பக்கத்தை எழுத மிகச் சரியான நாள் பதிவு செய்த நாள். அன்று பத்து நிமிட வேலை. ஏழு வருடம் கழித்து எழுத முயன்றால் துப்பறியும் வேலை.

அந்தப் பக்கம் இருந்திருந்தால் 2008இல் வேலை தலைகீழாக நடந்திருக்கும். முதலில் பழைய பக்கத்தை எடுப்பார்கள். அதில் டெலவேர்ப் பதிவு இரண்டு. பிறகு பதிவேட்டைத் தேடுவார்கள், அதில் மூன்று. இரண்டும் மூன்றும் ஒத்துப்போகவில்லையே என்று அப்போதே தெரியும். ஜாதகப் பொருத்தம் பார்க்க இரண்டு ஜாதகம் வேண்டும். இவர்கள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பத்துப் பொருத்தமும் சரி என்றார்கள்.

செக்லிஸ்டிலும் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும்: இந்த வரி எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு ரத்துக்கும் எதிரே அந்த ஈட்டைத் தந்த ஒப்பந்தத்தின் பெயரும் தேதியும் எழுதப்பட வேண்டும் என்று ஒரு விதி. 6416808 4க்கு எதிரே எழுத உட்கார்ந்தவர் லீஸ் ஒப்பந்தத்தைத் திறந்து தேடியிருப்பார், கிடைத்திருக்காது. அந்தக் காலியிடம் மூன்று வழக்கறிஞர்களின் கண்ணைவிட வலிமையானது. கட்டத்தை நிரப்ப முடியாதபோது யாராவது யாரையாவது கேட்டே ஆக வேண்டும்.

இதைச் சொன்னால் சிலர், இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்கிறார்கள். டெலவேரில் ஜி.எம். மேல் உள்ள பதிவுகளை எடுத்து ரத்துப் படிவம் தயார் செய் என்று இன்றைய கருவியிடம் சொன்னால் மூன்று படிவங்களையும் கண்சிமிட்டும் நேரத்தில் எழுத்துப்பிழை இல்லாமல் தரும். லீஸ் கோப்பையும் சேர்த்துக் கொடுத்து, எது எதற்குப் பொருந்தவில்லை என்று கேட்டால் நிச்சயம் சுட்டிக்காட்டும் என்றும் நம்புகிறேன். ஆனால் அப்படிக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிற மனிதர் 2008இலேயே பிழையைப் பிடித்திருப்பார்.

இந்தியாவில் கம்பெனிக் கடன் வேலை செய்பவர்கள் இதை அமெரிக்கக் கூத்து என்று தள்ளிவிட வேண்டாம். கம்பெனிகள் பதிவாளரிடம் ஈட்டைப் பதிந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சார்ஜ் ஐடி (சார்ஜ் என்றால் ஈடு, அதற்கான எண்) கிடைக்கிறது. கடன் தீர்ந்ததும் சி.எச்.ஜி.-4 படிவத்தில் அந்த ஐடியைக் குறிப்பிட்டு முடிக்கிறோம். கம்பெனி பெயரைப் போட்டால் எல்லாச் சார்ஜும் ஒரே பட்டியலில் வரும், ஒரே வங்கி நான்கைந்து முறை கடன் கொடுத்திருந்தால் அதே வங்கியின் பெயர் நான்கைந்து வரியில். தேதியும் தொகையும் பக்கத்திலேயே இருப்பது ஓர் ஆறுதல். ஆனால் டேர்ம் லோன், நடைமுறை மூலதனக் கடன், அவற்றில் இடையிடையே செய்த திருத்தங்கள் என்று குவிந்த ஒரு பழைய கம்பெனியின் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு, எந்த ஐடி எந்த ஒப்பந்தத்தோடு போகிறது என்று வங்கி மேலாளரும் கம்பெனிச் செயலரும் மாறிமாறித் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளும் காட்சி புதிதாக இருக்காது.

மிச்சக் கதை

2009 ஜூன் மாதமே டேர்ம் லோன் கொடுத்தவர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டிருந்தது, வழக்கில் தோற்றால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2015 தீர்ப்புக்குப் பிறகு நூற்றுக்கணக்கான நிதிகளும் வங்கிகளும் சுமார் ஆறு வருடத்துக்கு முன்பு வாங்கிச் செலவழித்த பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. அவர்களில் ஓக்லண்ட் நகரக் காவல், தீயணைப்பு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியும் சிலரும் மேயர் பிரவுன் மேல் வழக்குப் போட்டார்கள். 2017இல் ஏழாவது சுற்று நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மேயர் பிரவுனின் கட்சிக்காரர் ஜி.எம்.; எதிர்த்தரப்பில் கடன் கொடுத்தவர்களுக்கு அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர். வரைவைத் தயாரித்து எதிர்த்தரப்புப் பார்வைக்கு அனுப்புவதாலேயே அந்தக் கடமை வந்துவிடாது.

டெலவேர்ப் பதிவு போனாலும் ஆலைகள் இருக்கும் கவுண்டிகளில் போட்ட பதிவுகள் அப்படியே இருந்தன. அவை நிலத்தோடு பொருத்தப்பட்ட இயந்திரங்களைப் பிடிக்கும். ஆகவே சண்டை அடுத்த கட்டத்துக்குப் போனது: எந்த இயந்திரம் பொருத்து, எது வெறும் இயந்திரம்? 2017இல் நியூயார்க் திவால் நீதிமன்றத்தில் மாதிரிக்காக 40 சாதனங்களை எடுத்துக்கொண்டு விசாரணை நடந்தது. தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரமாண்டமான பிரஸ்கள், பெயின்ட் அடிக்கும் அமைப்புகள், கன்வேயர்கள், ரோபோக்கள். இதற்கென்று எவ்வளவு ஆழக் குழி தோண்டினார்கள், போல்ட்டைக் கழற்றி வேறு ஆலைக்குக் கொண்டுபோக முடியுமா, கொண்டுபோனால் என்ன செலவு என்று நிபுணர்கள் நாள்கணக்கில் சாட்சி சொன்னார்கள். நீதிபதி ஆலைகளுக்கே போய்ப் பார்த்தார். பெரும்பாலானவை பொருத்துகள்தான் என்று செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மற்றவற்றின் மதிப்பை எப்படிப் போடுவது என்பதைச் சுற்றி மேலும் இரண்டு வருடம் இழுத்து, 2019இல் 23.1 கோடி டாலருக்குச் சமரசமானது.